மின்னி பே: துரு தின்னும் முன்

மின்னி பேயில் இரும்புக்கு ஆயுள் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை ஓய்ந்த மாதங்களில் உப்புக் காற்று. இந்த வருடம் பெயின்ட் அடித்த கேட்டின் கீலில் அடுத்த பருவமழை முடிவதற்குள் பழுப்புக் கோடு ஒன்று இறங்கிவிடுகிறது. பெயரைத் தமிழ்க் காதால் கேட்டுவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். 'பே' என்பது வளைகுடாதான். போர்ட் பிளேர் என்று பல தலைமுறைகளாக அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்ட அந்தமான் தலைநகரின் ஒரு பகுதி இது. கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. பிர்ச்கஞ்ச் ராணுவ முகாமும் இதே நகரத்தில்தான். முப்படைகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்த நாட்டின் முதல் கூட்டுக் கட்டளையகம் 2001 அக்டோபரில் இந்த ஊரில் அமைந்தது. பஜாரில் தமிழும் வங்காளமும் இந்தியும் கலந்து ஒலிக்கும். பச்சை நிற லாரி கடந்து போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்க்கிற ஒரு சிறு கூட்டம் உலகமெங்கும் உண்டு. ராணுவ வண்டிகளை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்கிறவர்கள். பொம்மை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பெட்டியில் சட்டம் சட்டமாக வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, அரம் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, சேறும் கீறலும் சேர்த்து ஒரு டாங்கியை முடிக்க அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அவர்களுடைய புனித எண் 1:35. அது வந்த கதை சுவாரஸ்யமானது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஜெர்மானிய பாந்தர் டாங்கியின் மாதிரியைத் தயாரித்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் வேண்டியிருந்தது. பேட்டரிக்கு ஏற்ப உடலை அமைத்து, பிறகு கணக்குப் பார்த்தால் அசலில் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. அதுவே நிலைத்து, மற்ற நிறுவனங்களும் பின்பற்றும் அளவாகிவிட்டது. சுமார் 4 மீட்டர் நீள ஜோங்கா இந்தக் கணக்கில் 11 சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கையில் நிற்கும்.

இந்தக் கலையில் கடினமான பாடம் துரு. வண்டியைப் புதிதாகக் காட்டுவது எளிது. உழைத்த வண்டியாகக் காட்டுவதில்தான் கைத்திறன் தெரியும். அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு: முதலில் துரு நிறத்தைப் பூசி, அது காய்ந்ததும் ஈரமாக்கி, சமையல் உப்பைத் தூவ வேண்டும். உப்பு ஒட்டிக் காய்ந்த பிறகு அதன் மேல் ராணுவப் பச்சையை அடித்து, கடைசியில் உப்பைத் தேய்த்து எடுத்தால், ஒழுங்கற்ற திட்டுகளாகத் துரு எட்டிப் பார்க்கும். மற்ற ஊர்களில் கரண்டியால் செய்கிற இந்த வேலையை மின்னி பேயில் கடலே நிஜ வண்டிகளின் மீது செய்துகொண்டிருக்கிறது. துரு எங்கே முதலில் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள இங்கே புத்தகம் தேவையில்லை. மட்கார்டின் உள் விளிம்பு, தார்ப்பாய்க் கொக்கி, ஜெர்ரி கேன் உரசும் இடம், போல்ட் தலைகள் என்று பட்டியல் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அதே காற்று மாதிரி செய்பவருக்கு எதிரியும்கூட. ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் வண்ணத்தை ஏர் பிரஷ்ஷில் அடித்தால், காயும்போது ஈரம் படிந்து, மேற்பரப்பில் பால் கொட்டியதுபோல வெளுப்பு விழும். பளிச்சென்ற ஒரு காலைக்காகக் காத்திருப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்.

சிக்கல் வேறொன்று இருக்கிறது. ஷெர்மன், செஞ்சூரியன், டி-72 போன்ற டாங்கிகளை இந்திய ராணுவமும் பயன்படுத்தியது, பிற நாடுகளும் பயன்படுத்தின. ஆகவே பெட்டிகள் கிடைக்கும். வண்ணத்தையும் எண்ணையும் மாற்றினால் இந்திய வண்டி தயார். இந்தியாவுக்கே உரிய வண்டிகளின் கதை அப்படியல்ல. ஜபல்பூரின் ஆங்கிலப் பெயர் முதலெழுத்துகளைக் கோத்து நாமகரணம் செய்யப்பட்ட ஜோங்கா, நிஸான் பேட்ரோல் வண்டியின் வழித்தோன்றல். 1969 முதல் 1999 வரை அங்கே தயாரானது. 2019-ல் கிரிக்கெட் வீரர் தோனி ஒன்றை வாங்கி ராஞ்சி தெருவில் ஓட்டியபோதுதான் இளைய தலைமுறை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டது. ஜெர்மனியின் மான் நிறுவனத்து உரிமத்தில் பிறந்த சக்திமான் லாரி, 1950-களின் இறுதியிலிருந்து 1996 வரை தயாரிக்கப்பட்டது. இமயமலைச் சாலையிலிருந்து இந்தத் தீவுகள் வரை படைவீரர்களின் தலைமுறைகள் அதன் பின்பலகையில் ஏறி இறங்கியிருக்கின்றன. அதன் இடத்துக்கு வந்த ஸ்டாலியன் அசோக் லேலண்டின் படைப்பு. அதாவது சென்னைச் சரக்கு. டாங்கி என்று எடுத்தாலும் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு. ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் வெளிவந்தது. இவற்றை எல்லாம் பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில் காண்பது அரிது. வேண்டும் என்பவர் பிளாஸ்டிக் தகட்டை வெட்டித் தானே செய்ய வேண்டும், அல்லது கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுக்க வேண்டும்.

வரைவதற்கு அளவு வேண்டுமே? பாதுகாப்புப் பகுதியில் புகைப்படம் எடுக்கத் தடை, அது நியாயமும்கூட. வண்டியோ ஆயுள் முடிந்ததும் ஏலத்துக்குப் போய், பழைய இரும்பாக உருகிவிடுகிறது. மிச்சம் இருப்பது ஓட்டியவர்களின், பழுது பார்த்தவர்களின் நினைவு மட்டுமே. ராணுவ வண்டியின் எண்பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும் என்பதும், அதை ஒட்டி வரும் இரண்டு இலக்கங்கள் வண்டி சேர்ந்த ஆண்டு என்பதும் பலருக்குத் தெரியும். லாரியின் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டைக்கு ஏன் வெள்ளை அடிக்கிறார்கள் என்று ஓட்டுநரைக் கேட்டால்தான் புரியும். இரவில் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகச் செல்லும்போது, முன்வண்டியின் அடியில் மினுக்கும் சிறு விளக்கில் தெரியும் அந்த வெள்ளை வட்டம்தான் பின்னால் வருபவருக்கு வழிகாட்டி. மாதிரியில் அது ஒரு கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதை வைக்காமல் விட்ட லாரி, எத்தனை அழகாக இருந்தாலும் ஓட்டியவர் கண்ணுக்கு அந்நியம்.

கடலால் சூழப்பட்ட இந்த ஊரில் வண்டியின் கதை கப்பல் இல்லாமல் முடியாது. சீட்டா, குல்தார், கும்பிர் என்ற மூன்று தரையிறங்கு கப்பல்கள் போலந்தின் கிதினியா கட்டுமானத் தளத்தில் உருவாகி, 1984, 1985, 1986-ம் ஆண்டுகளில் வரிசையாகக் கடற்படையில் சேர்ந்தன. முதலில் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்தவை, பின்னர் இங்கே இடம் மாறின. இவ்வகைக் கப்பலுக்கு ஜெட்டி வேண்டாம். சரிவான மணல்கரையைப் பார்த்து நேராக ஓட்டி, மூக்கைக் கரையில் ஏற்றி நிறுத்துவார்கள். கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிடுவது வழக்கம். திரும்பும்போது அந்தச் சங்கிலியை இழுத்துத்தான் கப்பல் தன்னைக் கடலுக்குள் மீட்டுக்கொள்ளும். முன்கதவுகள் திறந்து, சாய்தளம் இறங்கி, வண்டிகள் அலையில் சக்கரம் நனைய வெளியே வரும். சுமார் 40 ஆண்டுகளில் இந்த மூன்றும் ஏறத்தாழ 17 லட்சம் கடல் மைல்கள் ஓடி, 1,300 தடவைக்கு மேல் கரையேறியிருக்கின்றன. 2004 டிசம்பர் சுனாமியில் நிக்கோபாரின் ஜெட்டிகள் நொறுங்கிக் கிடந்தபோது நிவாரணப் பணிக்கும் போயின. 2024 ஜனவரி 12 அன்று இதே நகரத்தில் மூன்றுக்கும் ஒரே நாளில் கொடி இறக்கப்பட்டது. எண்பது மீட்டருக்குச் சற்று மேல் நீளம் கொண்ட அந்தக் கப்பல், கப்பல் மாதிரிக்காரர்கள் விரும்பும் 1:350 அளவில் சரியாக ஒரு சாண்.

சாணளவுக்குள் எல்லா நினைவும் அடங்கிவிடாது. இந்தக் கப்பல்களின் பணிப் பதிவேட்டில் அமைதிப்படைக் காலமும் இருக்கிறது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத் தெருக்களில் டாங்கிச் சங்கிலி உருண்ட சத்தத்தைக் கேட்டவர்களுக்கு, அலமாரியில் நிற்கும் டி-72 வெறும் கைவேலை அல்ல. அந்தமானிலும் அப்படியொரு காயம் உண்டு. 1942 மார்ச்சில் தீவுகளைப் பிடித்த ஜப்பானியப் படை 1945 அக்டோபரில்தான் சரணடைந்தது. அந்த இடைவெளியில், 1944 ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரிகஞ்சில் ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியப் போர் வண்டிகளின் கிட்டுகள் இன்று நேர்த்தியான பெட்டிகளில் விற்பனைக்கு வருகின்றன, தொழில்நுட்பம் அபாரம். ஆனால் அதை வாங்கி மேஜையில் பரப்பும் அந்தமான்காரர் வீட்டில், பாட்டியின் பார்வை அந்தப் பெட்டியின் மீது எப்படி விழும் என்பதைக் கிட்டுடன் வரும் செய்முறைத் தாள் சொல்வதில்லை. சொல்ல வேண்டியவர் செய்கிறவர்தான். துல்லியம் என்று பேசுகிறவர்கள் வண்டி எங்கே நின்றது, யார் மீது ஏறியது என்பதையும் துல்லியத்தில் சேர்த்தாக வேண்டும். பலர் சேர்ப்பதில்லை. குழல் விட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்களுக்கு இது பெரிய குறையாகவும் தெரிவதில்லை.

அப்படிச் சேர்த்துச் செய்த மாதிரி எப்படி இருக்கும் என்று காட்ட, மின்னி பேயிலிருந்து சற்றுத் தொலைவிலேயே ஒன்று இருக்கிறது: செல்லுலார் சிறையின் மாதிரி. 1906-ல் கட்டி முடிக்கப்பட்டபோது நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல ஏழு பிரிவுகள் விரிந்தன. இன்று நிற்பவை மூன்று. இடிந்தவற்றின் இடத்தில் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை. ஏழும் சேர்ந்து நிற்பது அருங்காட்சியக மாதிரியில்தான். ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால், எதிர் அறைக் கைதியின் முகத்தைக்கூட யாராலும் பார்க்க முடியாது. மூன்று பிரிவுகளை மட்டும் சுற்றி நடப்பவருக்கு இந்தக் கொடுமையின் கணக்கு பிடிபடாது. மாதிரியை மேலிருந்து பார்த்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

கப்பல்களுக்கு அப்படியொரு மாதிரி உருவாக அதிக அவகாசம் இல்லை. மூன்றில் குல்தார் 2025-ல் மகாராஷ்டிரத்துக்குக் கொடுக்கப்பட்டது. சிந்துதுர்க் மாவட்டத்தில் நிவதி பாறைகளுக்கு அருகே அதைக் கடலடியில் இறக்கி, அருங்காட்சியகமும் பவளத் திட்டுமாக ஆக்குவது திட்டம். முக்குளிப்பவர்கள் வந்து பார்க்கலாம், மீன்களும் குடியேறும். கதவுக் கீல் எத்தனை, சாய்தளத்தில் டயர் வழுக்காமலிருக்கப் பட்டை எத்தனை, லாரிகளைத் தளையிட்ட வளையங்கள் எந்த இடைவெளியில் இருந்தன என்பதைப் பாசியும் சிப்பியும் மூடிவிடும். அவற்றில் வண்டி ஏற்றி இறக்கியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அவர்களுக்கு அந்த எண்ணிக்கை இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.