கரைக்கோடு மறைத்த முகம்

சேலைக்குக் கரை, வேட்டிக்குக் கரை, வாசற்கோலத்திற்குக் காவி என்று எதற்கும் ஓர் ஓரம் வகுத்து அழகு பார்ப்பது நம் மக்களின் பழக்கம். கரையில்லாப் பொருள் முற்றுப்பெறாத பொருளாகவே நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. நிழற்படங்களும் இதற்கு விலக்கல்ல. முன்னாளில் ஸ்டூடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு, அவ்வோரத்தை அலையலையாகக் கத்தரித்துத் தந்ததை வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய ஓரம் ஒன்றைக் கணினியில் தீட்டப் போய் நாம் பெற்ற பாடத்தைச் சொல்லவே இவ்வரிகளை எழுதுகிறோம்.

படங்களையும் வண்ணத் தாள்களையும் ஒட்டிக் குடும்ப நினைவேடு செய்வதை மேலைநாட்டார் 'ஸ்க்ராப்புக்' என்பர். எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1873-ஆம் ஆண்டிலேயே, பசை தடவிய பக்கங்களைக் கொண்ட ஏடு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குடும்பத் தலைவி மேரிலென் கிறிஸ்டென்சன், தம் குடும்பத்திற்கெனச் செய்த ஏடுகளை 1980-இல் சால்ட் லேக் நகரில் காட்சிக்கு வைத்தபின், இக்கலை அந்நாட்டு வீடுகளில் பெரிதும் பரவிற்று. இன்றோ கத்தரியும் பசையும் இன்றிக் கணினித் திரையிலேயே பக்கம் சமைக்கிறார்கள். தாளும் படமும் தனித்தனி அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று அமர்கின்றன. பக்கம் பெரும்பாலும் 12 அங்குலச் சதுரம். அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் வீதம், சதுரத்தின் ஒவ்வொரு புறத்திற்கும் 3,600 புள்ளிகள் என்பது கணக்கு.

2020-ஆம் ஆண்டு கொள்ளை நோயின் பொருட்டு ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்த நாட்களில், பங்கின் இளைஞர் ஒருவரிடம் இதனைக் கற்றோம். ஐம்பதைக் கடந்த கைக்குச் சுட்டெலி எளிதில் வசப்படவில்லை. ஆயினும் பழகப் பழக ஆசை வளர்ந்தது. தாளின் ஓரத்தில் அதே நிறத்தில் சற்றுக் கருமையான மெல்லிய கோடு ஒன்றை இட்டால், வெறும் வண்ணப்பரப்பு உண்மைத் தாள்போல் எழுந்து நிற்பதைக் கண்டு வியந்தோம். படத்தைச் சுற்றி வெண்கோடு இட்டால், அது பின்னணியில் கரைந்துபோகாமல் தனித்து விளங்குவதையும் கண்டோம். பின்னர் கண்ணில் பட்டவற்றிற்கெல்லாம் கரை கட்டத் தொடங்கினோம் என்பதை ஒளிப்பானேன்?

2024-இல் நம் பங்கில் ஒரு தம்பதியர் திருமணப் பொன்விழாக் கொண்டாடவிருந்தனர். அவர்களுக்கு நினைவேட்டுப் பக்கம் ஒன்றைப் பரிசாகத் தர எண்ணி, 1974-இல் ஆலய முகப்பில் எடுத்த மணவிழாக் குழுப்படத்தை வாங்கிக் கணினியில் ஏற்றினோம். பழுப்பேறிய வெள்ளை ஓரத்தை வெட்டி நீக்கினோம். பொன்விழா அன்றோ, பொன்னிறக் கரைதான் பொருந்தும் என முடிவு செய்தோம்.

ஃபோட்டோஷாப் மென்பொருளில் 'ஸ்ட்ரோக்' என்னும் கட்டளை இவ்வேலையைச் செய்கிறது. கோடு படத்தின் உட்புறமாக அமையலாம், வெளிப்புறமாக அமையலாம், விளிம்பின்மேல் பாதி உள்ளும் பாதி வெளியுமாகவும் அமையலாம். வெளிப்புறமாக இட்டுப் பார்த்தோம். கோடு தடிக்கத் தடிக்க அதன் மூலைகள் உருண்டு போயின. உட்புறமாக இட்டபோது மூலைகள் கூர்மையாய் நின்றன. கூர்மையே அழகென்று கருதி, 75 புள்ளித் தடிப்பில், அதாவது கால் அங்குல அகலத்தில், உட்புறக் கரையை நிலைநிறுத்தினோம். மறுநாள் காலையில் அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

அன்று மாலை வேறொரு காரியமாக அந்த மூதாட்டி பங்கு இல்லத்திற்கு வந்தார். பெருமையோடு திரையைக் காட்டினோம். நெடுநேரம் உற்று நோக்கினார். பிறகு தயங்கித் தயங்கி, "சாமி, ரொம்ப அழகாக இருக்கிறது. எங்கள் அப்பாவைத்தான் காணோம்" என்றார்.

"எங்கேயம்மா நின்றார்?" என்று கேட்டோம். நடுங்கும் விரலால் படத்தின் இடக்கோடியைத் தொட்டார். அங்கே பொன்னிறக் கரைதான் மின்னியது.

அவர் தந்தை பனைத் தொழிலாளி. மகளின் திருமணத்திற்கு இரவல் சட்டை அணிந்து வந்தவர், படம் பிடிக்கும் வேளையில் கூசித் தூணோரம் ஒதுங்கி நின்றாராம். படக்காரர் அழைத்தும் நெருங்கி வரவில்லையாம். பாதி முகமும் ஒரு தோளுமே படத்தில் விழுந்தன. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவருடைய படம் உலகில் அது ஒன்றுதான். ஐம்பது ஆண்டுகளாக அந்த அம்மையார் அப்படத்தில் முதலில் தேடிப் பார்த்தது மணமக்களை அன்று, அந்தப் பாதி முகத்தைத்தான். கூரிய மூலைகளுக்கு ஆசைப்பட்டு நாம் அழித்தது அதனையே.

நல்லவேளையாக, அடுக்குகளை ஒன்றாக இணைத்துவிடவில்லை. கரைக்கோடு படத்தோடு கலவாமல், நீக்கக்கூடிய அலங்காரமாகவே இருந்தது. அதனை அகற்றியவுடன் பாதி முகம் மீண்டும் வெளிப்பட்டது. அம்மையார் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நம்மால் ஒன்றும் பேச இயலவில்லை.

அன்றிரவு வேலையைத் திருத்தினோம். படத்தின்மேல் ஒரு கோடும் இடவில்லை. படத்தைவிட நாற்புறமும் 36 புள்ளிகள், அஃதாவது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர், பெரிதான பொன்னிறத் தாள் ஒன்றைப் புதிய அடுக்காகப் படத்தின் அடியில் விரித்தோம். மூலைகளும் கூர்மையாய் அமைந்தன, படமும் முழுமையாய் நின்றது. வழி இத்துணை எளிது. கோலத்தின் வெண்கோட்டை அழித்து எவரும் காவி இடுவதில்லை. அதற்கு வெளியே சுற்றிலுந்தான் இடுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் வாசலில் செய்து காட்டுவதை நாம் திரையில் மறந்துவிட்டோம்.

அழகுபடுத்துவோர்க்கு இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நமக்கு வெற்று ஓரமாய்த் தோன்றும் இடத்தில் பிறர் ஒருவரின் உயிர்ச்செல்வம் இருக்கலாம். கூச்சமுள்ளோரும் இரவல் சட்டைக்காரரும் எக்கூட்டத்திலும் நடுவில் நிற்பதில்லை; ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஆதலால், வீட்டுப் பழம்படங்களைக் கணினியில் ஏற்றி அணி செய்ய விழையும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுவே: முதற்படியை ஒரு மாற்றமும் செய்யாமல் தனியே சேமித்து வையுங்கள். கரைக்கோட்டைத் தனி அடுக்காக, படத்திற்கு வெளியே அமையுங்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, படத்தை வீட்டின் மூத்தவரிடம் காட்டி, ஓரத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள்; அவர் சொல்லும் பெயரைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.