கடைசியில் இருட்டைக் காட்டுவேன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்ததும், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஜவ்வாது மலைப் பக்கம் தொலைநோக்கியைக் கொண்டுபோய் வைத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது என் வழக்கம். எட்டு அங்குலக் கண்ணாடி பொருத்திய டாப்சோனியன். இதே மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்த இருட்டுதான் என் சின்னக் கருவிக்கும் முதலீடு.

வானம் காட்டுவதில் நுட்பமெல்லாம் வரிசையில்தான் இருக்கிறது. வந்தவுடனே கேலக்ஸியைக் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் “ஒண்ணுமே தெரியலையே சார்” என்று நகர்ந்துவிடுவார்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதுவரை தொலைநோக்கியின் மூடியைத் திறக்க மாட்டேன். கைப்பேசிகள் பைக்குள் போய்விட வேண்டும். என் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றியிருக்கும்.

அந்த நேரத்துக்கு வெறும் கண்ணே போதும். கிழக்கில் ஏறிவரும் ஓரியனில் திருவாதிரையையும் ரைஜலையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்வேன். ஒன்று செம்மஞ்சள், மற்றது நீலவெள்ளை. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுப்பதைப் போலத்தான். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 டிகிரி, ரைஜலுடையது 12,000. நம் சூரியன் இரண்டுக்கும் நடுவே, 5,500. திருவாதிரை தன் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பெருவிண்மீன். ஆருத்ரா தரிசனத்தன்று இதைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அன்று முழுநிலவு அதன் அருகிலேயே நிற்கும். மங்கலானது எதுவும் தெரியாது.

நட்சத்திரம் எதனால் ஆனது என்ற கேள்வி பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்துதான் வரும். வெப்பநிலைக்கு ஏற்ப அணுக்கள் எலக்ட்ரானை இழப்பதற்கு 1920இல் மேகநாத் சாஹா ஒரு சமன்பாடு தந்தார். அதை வைத்துக்கொண்டு விண்மீன்களின் நிறமாலையைப் படித்த சிசிலியா பெய்ன், அவற்றில் ஹைட்ரஜனே மிகுதி என்று 1925இல் கண்டார். அந்த ஹைட்ரஜன் ஹீலியமாக இணைவதுதான் வெளிச்சம். சூரியனில் ஒவ்வொரு விநாடியும் சுமார் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக மாறிப் போகிறது.

கண் பழகியபின் மூடியைத் திறப்பேன். முதலில் ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டுக்கு அப்பால், வாயுவும் தூசியும் திரண்டு விண்மீன்கள் பிறக்கும் இடம். நடுவில் பொடிப்பொடியாக நான்கு விண்மீன்கள் நெருங்கி நிற்கும். “போட்டோல கலர் கலரா இருந்துச்சே சார்?” என்பார்கள். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. கேமரா நேரமெடுத்து ஒளியைச் சேர்த்துவைக்கும். அடுத்து, டைனோசர் காலத்தில் பிறந்த கார்த்திகைக் கூட்டம். அதன்பின் ரிஷப ராசியில் நண்டு நெபுலா. 1054இல் சீனர்கள் குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. பிறப்பு, இளமை, இறப்பு என்று ஒரு வரிசை முடிந்தது.

இப்போது ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. இங்கே ஒரு பழக்கம் தேவை: நேரே பார்க்காதே, சற்றுத் தள்ளிப் பார். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன. ஓரக்கண்ணால் பார்த்ததும் புகைபோல ஒரு நீள்வட்டம் எழும்பி வரும். தெரிவது அதன் நடுப்பகுதி மட்டும். முழுதும் தெரிந்தால் ஆறு நிலவுகளை வரிசையாக வைத்த அகலம் இருக்கும்.

இந்தப் புகை பால்வீதிக்குள் இருக்கும் மேகமா, தனியொரு கேலக்ஸியா என்று 1920களிலும் சண்டை நடந்தது. ஒளி கூடிக் குறையும் செபீட் விண்மீன்களில், துடிப்பின் காலம் நீள நீள உண்மையான பிரகாசமும் கூடும் என்று ஹென்ரியட்டா லெவிட் 1912இல் காட்டியிருந்தார். அப்படி ஒரு விண்மீனை ஹப்பிள் 1923இல் ஆண்ட்ரோமீடாவில் பிடித்தார். தூரம் 9 லட்சம் ஒளியாண்டு என்று கணக்கு வந்தது. இன்றைய அளவு 25 லட்சம். அவருடைய பழைய கணக்கே வழக்கைத் தீர்க்கப் போதுமாக இருந்தது: பால்வீதிக்கு வெளியே இன்னொரு கேலக்ஸி.

கூட்டம் இத்துடன் கிளம்பப் பார்க்கும். நான் விடுவதில்லை. கருவியை விட்டு விலகி, விண்மீன்களுக்கு இடையில் கறுத்திருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்வேன். இரவு ஏன் இருட்டாக இருக்கிறது? 1823இல் ஓல்பர்ஸ் எழுப்பிய கேள்வி இது. பிரபஞ்சம் எல்லையற்றதாகவும் என்றென்றும் இப்படியே இருந்துவருவதாகவும் இருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு விண்மீனில் போய் முட்டியாக வேண்டும். வானம் முழுக்கச் சூரியனின் முகம்போல எரிய வேண்டும். தூசி மறைக்கிறது என்றால், அந்தத் தூசியும் காலப்போக்கில் காய்ந்து ஒளிவிட்டிருக்கும். எரியவில்லை என்றால், பிரபஞ்சத்துக்கு வயது உண்டு: 1,380 கோடி ஆண்டு. அதற்கு மேல் பழைய ஒளி வந்துசேர வழியில்லை.

அந்தக் கறுப்பும் முழுக் கறுப்பு அல்ல. பிரபஞ்சம் 3,80,000 வயதில் தெளிந்தபோது புறப்பட்ட ஒளி, வெளி விரிய விரிய ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டு மைக்ரோ அலையாகிவிட்டது. 1964இல் நியூ ஜெர்சியில் பென்சியாசும் வில்சனும் தங்கள் ஆண்டெனாவில் ஓயாமல் கேட்ட இரைச்சல் அதுதான். கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைச் சுரண்டி எடுத்தும் இரைச்சல் போகவில்லை.

“பிக் பேங் எந்தப் பக்கம் சார் நடந்துச்சு?” என்று யாராவது கேட்டால் எனக்கு நிம்மதி, இருட்டு வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். அந்த அலை எல்லாத் திசையிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது. ஓரிடத்தில் நடந்து நம்மை நோக்கிச் சிதறியதல்ல. எல்லா இடத்திலும் நடந்தது, நாம் நிற்கும் இந்த இடத்திலும்தான். அதனால் கேட்டவரையே கை நீட்டச் சொல்வேன். எந்தப் பக்கம் காட்டினாலும் சரி என்பேன்.