அறிவிப்பு வெளியிடும் யோக்கியதை

ஒரு நகராட்சி தன் சந்தைக் கடைகளை ஏலம் விடப் போவதாகவும், ஒரு பேரூராட்சி சாலை போட ஒப்பந்தப்புள்ளி கோருவதாகவும், ஏதோ ஒரு கிராமத்து நிலங்களைப் பொதுக் காரியத்துக்காக அரசாங்கம் எடுத்துக்கொள்ள உத்தேசித்திருப்பதாகவும் பத்திரிகைகளில் வரும் அறிவிப்புகளை வாசகர்களில் பெரும்பாலோர் படிப்பதில்லை. பொடி எழுத்தும், சர்வே எண்களின் நீண்ட வரிசையும், அடியில் 'செ.ம.தொ.இ.' என்று தொடங்கும் ஓர் எண்ணுமாக அச்சாகும் அந்தக் கட்டத்தை ரசித்துப் படிக்கும்படி யாரையும் கேட்டுக்கொள்ள முடியாது. ஆயினும், முதல் பக்கத்தில் வரும் எந்தத் தலைப்புச் செய்திக்கும் இல்லாத சக்தி ஒன்று அந்தக் கட்டத்துக்கு உண்டு. தலைப்புச் செய்தியைப் படிக்காமல் விட்டவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அறிவிப்பைப் படிக்காமல் விட்டவனோ, ஆட்சேபணை சொல்ல வேண்டிய கெடு கழிந்த பிறகு அலுவலகத்துக்குப் போய், 'பத்திரிகையில்தான் போட்டாயிற்றே' என்ற பதிலைக் கேட்டுத் திரும்ப வேண்டியவன்.

இந்தப் பதில் சட்டப்படி சரியானதுதான். 2008-ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் வங்கிக் கடன் வழக்கு ஒன்றில், பரவலாக விற்பனையாகும் பத்திரிகையில் சம்மன் பிரசுரமான பின்னர், 'நான் அந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரனுமல்ல, அதை வாசிக்கிறவனுமல்ல' என்று பிரதிவாதி சொல்வது எடுபடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டித்தான் தெரிவிக்க வேண்டுமென்றால் எந்த நிர்வாகமும் நடவாது. ஆகையால், அச்சானது எல்லோருக்கும் தெரிந்ததாகும் என்ற கற்பனையைச் சட்டம் நிர்ப்பந்தத்தின் பேரில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கற்பனை அநியாயமாகிவிடாமல் தாங்கி நிற்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பத்திரிகையில் அச்சிடுவது என்பதற்கு உள்ள யோக்கியதாம்சம். மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து வெளியாகும் ஒரு தமிழ்த் தினசரியின் விளம்பரப் பிரிவில், டெண்டர்களையும் பொது அறிவிப்புகளையும் வாங்கி, அளந்து, பக்கத்தில் ஏற்றி, பில்லோடு வவுச்சர் காப்பி அனுப்புவதையே ஜீவனமாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், இந்த யோக்கியதாம்சம் காகிதத்தில் எப்படி இருக்கிறது, காரியத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிச் சில அபிப்பிராயங்கள் எனக்கு உண்டு.

பத்திரிகைக்கு முன்பு இந்தத் தொழிலைச் செய்தது தண்டோரா. சாவடிச் சுவரில் ஒட்டுவதும், ஊர் நடுவே பறையறைந்து சொல்லுவதும், பிற்பாடு ஜில்லா கெஜட்டில் அச்சிடுவதுமாக இருந்த ஏற்பாட்டில் பத்திரிகை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. சிவில் நடைமுறைச் சட்டத்தில், ஜப்தி உத்தரவை அந்தச் சொத்து இருக்கும் இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ பறையறைந்து பிரகடனம் செய்ய வேண்டும் என்ற வாசகம் இன்னமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலோ, மனிதர்களைக் கொண்டு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்த வழக்கம் ஒழிந்தது நியாயமே. ஆனால் தண்டோராவில் ஒரு குணம் இருந்தது: அது சம்பந்தப்பட்ட தெருவைத் தவிர வேறெங்கும் கேட்காது. பத்திரிகையின் யோக்கியதையை நிர்ணயிக்க வந்த சட்டங்களும், நன்றாக எழுதப்பட்டவையாக இருக்கும்போது, இந்த ஒரு குணத்தைத்தான் தேடுகின்றன.

1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தின் மூலம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த விதி, பத்திரிகை வாயிலாகச் சம்மன் சார்வு செய்ய நேர்ந்தால், பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்ததாக அல்லது தொழில் செய்ததாகத் தெரியவரும் வட்டாரத்தில் புழங்கும் தினசரியாக அது இருக்க வேண்டும் என்கிறது. நிலமெடுப்புச் சட்டத்தில் 1984-இல் செய்த திருத்தமும், அதற்குப் பதிலாக வந்த 2013-ஆம் வருஷத்துச் சட்டமும், அந்த வட்டாரத்தில் புழங்கும் இரண்டு தினசரிகளில், ஒன்றாவது வட்டார மொழியில் இருக்கும்படி, பிரசுரம் செய்யச் சொல்லுகின்றன. வங்கிக்காரர்கள் சொத்தைச் சுவாதீனம் எடுத்தால் 7 நாளைக்குள் இரண்டு முன்னணிப் பத்திரிகைகளில், அவற்றுள் ஒன்று வட்டார மொழியில், அந்த வட்டாரத்தில் போதுமான விற்பனை உடையதாகப் பார்த்து வெளியிட வேண்டும். இவற்றில் எதுவும் லட்சக் கணக்கில் விற்கும் பத்திரிகையைக் கேட்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். 'அந்த வட்டாரத்தில்' என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. நிலமெடுப்பில் இந்தப் பிரசுரம் வெறும் சடங்கல்ல, கட்டாயமானது என்று உச்ச நீதிமன்றமும் பலமுறை சொல்லியாயிற்று.

இனி, அலுவலகத்தில் நடப்பதைப் பார்க்கலாம். உள்ளாட்சி மன்றத்தின் அறிவிப்பு, செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக ரிலீஸ் ஆர்டராக எங்கள் மேஜைக்கு வரும். அந்த ஆர்டர் எந்தப் பத்திரிகைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது ஒரு பட்டியல். பட்டியலில் இடம் பெறுவதற்குத்தான் பதிவுச் சான்று, டிக்ளரேஷன், ஆடிட்டர் சான்று, பழைய இதழ்கள் என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டியிருக்கிறது. மத்திய அரசாங்கத்தின் விளம்பரங்களுக்கும் இதைப் போன்ற பட்டியல் உண்டு. நாளொன்றுக்கு 25,000 பிரதி வரை சிறு பத்திரிகை, 75,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிது என்று அது வகுக்கிறது. 2016-ஆம் வருஷத்துக் கொள்கையில் 100 மதிப்பெண்ணுக்கு ஓர் அட்டவணை போட்டார்கள்: விற்பனைச் சான்றுக்கு 25, தொழிலாளரின் வைப்பு நிதி செலுத்துவதற்கு 20, பக்கங்களின் எண்ணிக்கைக்கு 20, செய்தி ஸ்தாபனங்களுக்குச் சந்தா கட்டுவதற்கு 15, சொந்த அச்சகத்துக்கு 10, பிரஸ் கவுன்சில் கட்டணத்துக்கு 10. தொழிலாளியின் வைப்பு நிதியைக் கணக்கில் எடுத்ததற்காக அதை எழுதியவருக்கு நான் நமஸ்காரம் சொல்லுவேன். ஆனால், இந்தப் பத்திரிகை எந்தத் தாலுகாவில் எத்தனை வீட்டுக்குப் போகிறது என்ற கேள்விக்கு அந்த 100-இல் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

விற்பனைச் சான்று என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948-இல் ஸ்தாபிதமான ஏ.பி.சி. என்ற பத்திரிகை விற்பனைத் தணிக்கை அமைப்பின் தணிக்கை அரை வருஷத்துக்கு ஒருமுறை, விற்ற பிரதிகளை ரசீதோடு பார்க்கிறது. அதில் சேர்ந்துள்ள பத்திரிகையின் எண்ணை நம்பலாம். மற்றவர்கள் வருஷாந்தர அறிக்கையில் ஆடிட்டர் கையெழுத்தோடு ஓர் எண்ணைக் கொடுக்கிறார்கள். அந்த எண் மெய்யா என்று சோதிக்க, தொழில் தெரிந்தவனுக்கு ஒரு காகிதத் துண்டும் பென்சிலும் போதும். 8 பக்கம் கொண்ட பெரிய அளவுத் தினசரி ஒன்று, சதுர மீட்டருக்கு 45 கிராம் எடையுள்ள நியூஸ்பிரிண்டில் அச்சானால், பிரதிக்குச் சுமார் 32 கிராம் காகிதம் பிடிக்கும். 60,000 பிரதி அச்சிடுவதாகச் சொல்லுகிறவர் தினந்தோறும் ஏறக்குறைய 2 டன், மாதத்துக்கு 57 டன்னுக்குக் குறையாமல், அதுவும் கழிவு போக, காகிதம் வாங்கியிருக்க வேண்டும். காகித பில்லும், அச்சகத்தின் மின்சார பில்லும், மையின் கணக்கும் ஒத்துப்போனால் எண்ணை ஒப்புக்கொள்ளலாம். ஒத்துப்போகாத பத்திரிகைகளை எங்கள் வட்டாரத்தில் 'ஃபைல் பேப்பர்' என்போம்: அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பவும், பில்லோடு இணைக்கவும், தம் அலமாரியில் அடுக்கவும் வேண்டிய அளவுக்கு மட்டும் அச்சிடப்பட்டு, கடையில் ஒருபோதும் தொங்காத பத்திரிகை. இந்தப் பத்திரிகைக்கு ஆள் இல்லாமலில்லை. தான் எடுக்க நினைக்கும் வேலை போட்டிக்காரர் கண்ணில் படாமல் போக வேண்டும் என்று விரும்பும் ஒப்பந்ததாரர் அதன் பரம ரசிகர். தமிழ்நாட்டில் 1998-ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் வருஷத்து விதிகளும் டெண்டர் புல்லட்டினையும், 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்ற குறைந்தபட்ச அவகாசத்தையும் ஏற்படுத்தியது இப்படிப்பட்ட ரசிகர்களை உத்தேசித்துத்தான். மின்-கொள்முதல் இணையதளம் வந்த பிறகு டெண்டர் விஷயத்தில் அவர்களுடைய செல்வாக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒப்பந்ததாரர் இணையதளத்தைத் தேடிப் போவார். அது அவர் தொழில். தன் நிலத்தின் சர்வே எண் எங்கேயாவது வந்திருக்கிறதா என்று தினம் தேடிக்கொண்டிருப்பது ஒரு விவசாயியின் தொழிலல்ல.

விற்பனை எண்ணைவிட, இடையறாமல் வெளிவருகிறதா என்ற நிபந்தனையையே நான் உயர்வாக மதிக்கிறேன். நீண்ட காலம் ஆட்சி செய்த 1867-ஆம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் இதில் கண்டிப்பாகத்தான் இருந்தது. ஒரு தினசரி எந்த மூன்று மாத காலத்திலும் வரவேண்டிய இதழ்களில் பாதிக்கும் குறைவாக வந்தால் மறுபடி டிக்ளரேஷன் கொடுக்காமல் வெளிவரக் கூடாது. 12 மாதம் வெளிவராவிட்டால் டிக்ளரேஷனே காலாவதி. வருஷந்தோறும் பிப்ரவரி கழிந்து வரும் முதல் இதழில், உரிமையாளர் யார், ஆசிரியர் யார், பங்குதாரர்கள் யார் என்று நாலாம் படிவத்தை அச்சிட வேண்டும் என்று 1956-ஆம் வருஷத்து விதிகள் சொல்லின. அந்தச் சட்டம் போய், 2023-ஆம் வருஷத்துச் சட்டம் 2024 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்து, பதிவெல்லாம் இணையதளத்தில் நடக்கிறது. தபால் சலுகைக்காக 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டம் கேட்ட நிபந்தனையும் எனக்குப் பிடித்தமானது: 31 நாளுக்கு மேல் இடைவெளியின்றி வர வேண்டும், மெய்யான சந்தாதாரர் ஜாபிதா இருக்க வேண்டும். எண்ணைப் பெருக்குவது சுலபம். பேரும் விலாசமுமாக ஒரு ஜாபிதாவைப் பெருக்குவது அத்தனை சுலபமல்ல.

இவ்வளவும் சரியாக இருந்து, பட்டியலிலும் இடம்பெற்று, லட்சம் பிரதி மெய்யாகவே விற்கும் பத்திரிகையில்கூட அறிவிப்பு பொய்த்துப் போக ஒரு வழி இருக்கிறது; வெளியாருக்கு அது அநேகமாகத் தெரியாது. பெரிய தினசரிகள் பல ஊர்களில் பதிப்பு நடத்துகின்றன. ஒரு பதிப்புக்குள்ளேயே மாவட்டத்துக்கு மாவட்டம் பக்கம் மாறுகிறது. தூரத்து ஊர்களுக்கு முன்னிரவிலேயே அச்சாகி வண்டியேறும் டாக் எடிஷனும், நள்ளிரவுக்குப் பின் அச்சாகும் நகரப் பதிப்பும் வேறு வேறு. ஆர்டரில் பத்திரிகையின் பேர் மட்டும் இருந்து பதிப்பின் பேர் இல்லாவிட்டால், இடம் எங்கே காலியோ, கட்டணம் எங்கே குறைவோ, அங்கே அறிவிப்பு போய் உட்கார்ந்துகொள்ளும். மலையடிவாரத்துத் தாலுகா ஒன்றின் நில உபயோக மாற்ற அறிவிப்பு, அந்தத் தாலுகாவுக்குப் போகாத நகரப் பதிப்பில் மட்டும் வந்து, நகரத்திலுள்ள அலுவலகத்துக்கு வவுச்சர் காப்பி ஒழுங்காகப் போய், குமாஸ்தா அதைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டி, பில்லும் பாஸாகிவிடும். கோப்பைப் பார்க்கும் எந்தத் தணிக்கையாளருக்கும் அதில் குறை தென்படாது. ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் தண்டோரா போட்டுவிட்டு, ஊருக்குச் சொல்லியாயிற்று என்று எழுதிவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது? இது பெரும்பாலும் துர்எண்ணத்தால் நடப்பதல்ல. அவசரத்தாலும், ஆர்டரில் ஒரு வரி குறைந்ததாலும் நடப்பது.

பட்டியல் என்ற ஏற்பாட்டைப் பற்றி எனக்கு உள்ள இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலைத் தயாரிப்பது சர்க்கார். அறிவிப்புக்குப் பணம் கொடுப்பதும் சர்க்கார். பத்திரிகை விமரிசிக்க வேண்டியதும் அந்தச் சர்க்காரைத்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே அறிவிப்புப் போட விரும்பும் பத்திரிகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, தான் பொது விற்பனையுள்ள பத்திரிகைதான் என்று தீர்ப்பு வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் கட்டிய மெய்யான சந்தாதாரர்கள் இருக்க வேண்டும், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக வெளிவந்திருக்க வேண்டும். சட்டத்தின் ஒரு பிரிவு மூன்று வருஷத் தொடர்ச்சியையும், மொத்த அங்குலத்தில் 25 சதவீதத்துக்குக் குறையாத செய்தியையும் கேட்கிறது. விளம்பரத்தை மட்டும் அச்சிட்டுப் பிழைக்க முடியாது. எதிர்க்க நினைப்பவரும் நீதிமன்றத்துக்கு வந்து ஆட்சேபிக்கலாம். அந்த முறையை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டுமென்று நான் வாதாடவில்லை. நம் நீதிமன்றங்களுக்கு வேலை போதாமல் இல்லை. ஆனால், எவன் கையில் பணப்பை இருக்கிறதோ அவனே யோக்கியதையையும் நிர்ணயிக்கக் கூடாது என்ற அவர்களுடைய எண்ணத்தில் பிசகு காண எனக்குத் தெரியவில்லை.

சட்டத் திருத்தம் வரும்போது வரட்டும். நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் கோப்பு எழுதும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய காரியம்: அறிவிப்பை அனுப்பும் கடிதத்திலேயே எந்தப் பதிப்பு, எந்தத் தாலுகாவுக்குப் போகும் பக்கம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், அலுவலகத்துக்கு வரும் வவுச்சர் காப்பியோடு திருப்தியடையாமல், சம்பந்தப்பட்ட ஊரின் பத்திரிகை ஏஜெண்டிடமிருந்து ஒரு பிரதியைக் காசு கொடுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. உங்கள் தெருவைப் பற்றிய ஓர் அறிவிப்பு உங்கள் ஊருக்கு வந்த பத்திரிகையில் இருந்ததா என்று சந்தேகம் தோன்றினால், அந்த ரிலீஸ் ஆர்டரின் நகலையும் பிரசுரமான பக்கத்தையும் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணம் செலுத்தி மனுச் செய்து கேட்கலாம். கெடு கழிவதற்குள் கேளுங்கள்.