செடிக்குப் பிறகுதான் மீன்

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைத் தெருவில் நடந்தால் கண் முதலில் மீன் மேல்தான் போகும். கப்பி, மோலி, தங்கமீன், தனித்தனிப் பாட்டிலில் அடைத்து வைத்த ஃபைட்டர் என்று நிறங்கள் இழுக்கும். நான் தேடிப் போனது அந்தக் கடைகளின் ஓரத் தொட்டிகளில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் பச்சையை. வீட்டு மீன் தொட்டியில் உயிருள்ள செடி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை வளர்ப்பவர்களின் வேலையைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று தோன்றியது. ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். தன் வளர்ப்பிடத்துக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அவர் வீட்டுக்குப் பின்னால், பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள். தண்ணீருக்குள் வாழ வேண்டிய செடிகளில் பாதி, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நின்றன. வேர் மட்டும் ஈரத்தில், இலையெல்லாம் காற்றில். செடிக்கு வேண்டிய கரியமில வாயு காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதனால் காற்றில் வளர்க்கும்போது செடி சீக்கிரம் பருக்கிறது. இலையில் பாசியும் படிவதில்லை. ஆனால் காற்றில் விட்ட இலை தண்ணீருக்கு ஏற்றதல்ல. வீட்டுத் தொட்டியில் மூழ்கியதும் பழைய இலைகள் மஞ்சளாகிக் கரைந்துபோகும். பிறகுதான் தண்ணீருக்கென்றே மெல்லிய புது இலைகள் வரும்.

“இலை போனா செடியே போச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடறாங்க சார்” என்றார் அங்கே வேலை செய்யும் அக்கா. “கிழங்கைத் தொட்டுப் பாருங்க. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கொழகொழன்னு இருந்தாத்தான் போச்சு.” கிரிப்டோகோரைன் வகையில் இது அடிக்கடி நடக்கும். இடம் மாற்றினாலே இலையெல்லாம் கரைத்துவிட்டு, சில வாரம் கழித்து வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் செடி அது.

அவர் முன்னால் ஒரு தட்டில் அனுபியாஸ் துண்டுகள். மேற்கு ஆப்பிரிக்க ஓடைக் கரைகளில் பாறையையும் மரத்தையும் பற்றி வளரும் இனம். தடித்த கரும்பச்சை இலைகள், விரல் போல் கிடையாக ஓடும் கிழங்கு, அதன் அடியில் வெளுத்த வேர்கள். நீண்டு தொங்கிய வேரைக் கத்தரித்தார். கிழங்கை ஊறவைத்த மரத்துண்டின் பள்ளத்தில் பொருத்தி, கறுப்பு நூலை இலைக்காம்புகளுக்கு இடையே நுழைத்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். நூல் கிழங்கை அழுத்த வேண்டும், அறுக்கக் கூடாது. அந்த அளவு அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. பேசிக்கொண்டே, இலை காய்ந்துவிடாமல் இடையிடையே தண்ணீர் தெளித்தார். “இதை மட்டும் மணல்ல புதைச்சிடாதீங்க. கிழங்கு அழுகிடும்” என்றார். ஜாவா ஃபெர்னும் அப்படித்தான். குறைந்த வெளிச்சம் போதும், தனி உரம் வேண்டாம், அவசரமில்லாமல் வளரும் என்பதால் புதிதாகத் தொடங்குபவருக்கு இவையிரண்டும் நல்ல துணை.

அடுத்த தொட்டியில் எனக்குத் தெரிந்த முகம்: நீர்ப்பிரம்மி. சித்த மருத்துவத்தில் நினைவாற்றலுக்குக் கொடுக்கும் அதே மூலிகை. நம் வாய்க்கால் ஓரத்தில் தரையோடு படர்வது, தொட்டித் தண்ணீருக்குள் நிமிர்ந்து வளர்கிறது. இப்படித் தண்டாக வளரும் செடிகள் கடையில் ஈயப் பட்டை சுற்றிக் கட்டாகக் கிடைக்கும். கட்டோடு நட்டால் உள்தண்டுகளுக்கு வெளிச்சம் எட்டாமல் அடி அழுகும். பட்டையைக் கழற்றி, அடி இலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டையும் விரல் இடைவெளி விட்டு நீள இடுக்கியால் சற்றுச் சாய்வாகச் செருக வேண்டும். நம் குளங்களின் வேலம்பாசி, கொட்டி, நாடா போல் நீளும் வாலிஸ்னேரியா எல்லாமே தொட்டியில் வாழக்கூடியவைதான்.

செடி வெறும் அலங்காரம் என்றால் பிளாஸ்டிக் செடியே போதும். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அது மீனுக்கே விஷம். தொட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒரு புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். செடியோ அம்மோனியாவை நேரடியாக உணவாக எடுத்துக்கொள்கிறது, நைட்ரேட்டையும் உறிஞ்சுகிறது. செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்பதை 1850இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் செய்து காட்டினார். ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்கமீனையும் வாலிஸ்னேரியாவையும் வைத்தார். உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கெட்டது. அந்த அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டதும் தெளிந்தது. வீட்டு மீன் தொட்டியின் வரலாறே செடியோடு தொடங்கியிருக்கிறது.

வளர்ப்பிடத்து உரிமையாளரான அந்தக் கடைக்காரர் பேசியது பெரும்பாலும் சென்னையைப் பற்றி. மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் குறைவாகவே கரையும். இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால், செடி இருக்கிறதே என்று ஏர் மோட்டாரை நிறுத்தக் கூடாது. விளக்கு, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம். அதற்கு மேல் எரிந்தால் செடியை முந்திக்கொண்டு பாசி வளரும். வாங்கிய செடியைச் சில நாள் தனி வாளியில் வைத்து, நத்தை முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

அவர் குரல் உயர்ந்தது ஒரே ஒரு விஷயத்தில். “வெட்டின செடியையும் வேண்டாத மீனையும் கொண்டுபோய் ரெட்டேரியில விட்டுடாதீங்க.” ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகெங்கும் போனதுதான். தொட்டி சுத்தம் செய்ய வாங்கப்படும் சக்கர் மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. வெட்டிய தண்டுகளை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பூந்தொட்டிக்கு உரமாகப் போடுவதே அங்கே வழக்கம்.

கிளம்பும்போது எனக்கு ஒரு மீன்கூட விற்க அவர் சம்மதிக்கவில்லை. “முதல்ல செடி வைங்க. புது இலை வரட்டும். அடுத்த மாசம் வந்து நாலு கப்பி வாங்கிக்கங்க.” வியாபாரம் கெடாதா என்று கேட்டேன். “மீன் செத்தா ஒரு தடவை வந்து வாங்குவாங்க, ரெண்டாவது தடவையும் வருவாங்க. அப்புறம் தொட்டியையே பழைய சாமான்காரருக்குப் போட்டுடுவாங்க. செடி பிடிச்சவங்க வருஷக்கணக்கா வந்துக்கிட்டே இருக்காங்க” என்றார்.

அறத்தையும் பிழைப்பையும் இவ்வளவு தெளிவாக ஒன்றாக்கிச் சொன்ன கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. தொட்டி வாங்கும் நாளிலேயே மீனையும் கேட்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு விலையாக மீன்கள் சாகின்றன. நிழல்வலைக்குக் கீழே நூல் சுற்றும் கைகளின் பொறுமையும் வீணாகிறது. ஒரு மாதம் வெறும் பச்சையைப் பார்த்துக்கொண்டிருக்க மனமுள்ளவர்தான் மீன் வளர்க்கத் தகுதியானவர். குழந்தைக்கு மீன் தொட்டி வாங்கித் தரப்போகும் ஒவ்வொரு பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: குழந்தையின் கையில் முதலில் ஒரு செடியைக் கொடுங்கள்.