அச்சமும் குரைப்பும்

'குரைக்கிற நாய் கடிக்காது' என்பது பழமொழி. அதனை முழுதும் நம்புதல் கூடாது. அச்சத்தால் குரைக்கும் நாய், நெருங்கினால் கடிக்கவும் கூடும். தில்லிக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த நாய், மாலை உலாவில் தெருநாய்களைக் கண்டதும் ஓயாது குரைத்தது. 'வேறெங்கேனும் விட்டுவிடுங்கள்' என்றனர் அண்டை வீட்டார். அதனை அழைத்துச் சென்ற சிறுமி முதலில் அதட்டினாள்; கயிற்றை இறுக்கினாள். இரண்டும் அச்சத்தை மிகுவித்தன. அதட்டல், நாயின் செவிக்கு மற்றொரு குரைப்பே போலும்!

பின்னர் அவள் முறையை மாற்றினாள். தெருநாய் தொலைவில் தெரிந்தவுடன், தன் நாய் குரைக்கத் தொடங்குமுன்பே சப்பாத்தித் துண்டு ஒன்றை ஊட்டினாள். கயிற்றைத் தளர்த்தி நடந்தாள். நாய் அமைதியாயிருந்த நாள்களில் மட்டும் ஓரிரண்டு அடி நெருங்கினாள். சில வாரங்களுக்குப் பின், பால் நிலையத்து வாயிலில் படுத்திருந்த தெருநாயைக் கண்ட அது, குரைக்காமல் அவள் கையை நோக்கியது.