தவக்கால வெள்ளியில் ஒரு சூப்பு

உதகையிலிருந்து எமரால்டு செல்லும் சாலையில் முத்தோரை பாலாடாவைக் கடந்து சென்றால் இத்தலார் வரும். மேட்டுச் சரிவுகளில் தேயிலையும், நீரோடை ஓடும் பள்ளங்களில் காய்கறியுமாக அமைந்த படகர் ஊர் இது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, பூண்டு என்று பயிர்கள் மாறி மாறி வந்தாலும், நீலகிரி என்றவுடன் வெளியூரார் நினைப்பது உருளைக்கிழங்கைத்தான். அந்தக் கிழங்கில் நல்லதை இவ்வூரார் உண்பதில்லை என்பதை வெளியூரார் பலர் அறியார். தோண்டி எடுத்ததும் தரம் பிரிப்பார்கள். பருத்தவையும் வடிவானவையும் மூட்டையில் ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். அங்கே 45 கிலோ மூட்டைக்கு என்ன விலை சொல்லப்படுகிறதோ அதைப் பொறுத்தே அந்த ஆண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் கடனடைப்பும் அமையும். கருவி பட்டு வெட்டுண்டவை, வெடித்தவை, கோணலாக வளர்ந்தவை, கோலிக்குண்டு அளவினவை ஆகியனவே வீட்டுக்கு வரும். எங்கள் இல்லத்துச் சூப்பு இந்தத் தள்ளுபடிக் கிழங்கில் பிறந்தது.

உருளைக்கிழங்கு இந்த மலைக்கு வந்தேறிதான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் விளைந்தது ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலேயர் வழியே இங்கு வந்தது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819 இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தபின், ஐரோப்பியக் காய்கறிகளோடு இதையும் இங்கு பயிரிடச் செய்தார். 1957 இல் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1961 இல், வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவிலேயே முதன்முறையாக நீலகிரி மண்ணில் கண்டறியப்பட்டது. அதைத் தாங்கி வளரும் குஃப்ரி சுவர்ணா என்ற வகை 1985 இல் வெளியிடப்பட்டது. இவற்றோடு இலைக்கருகல் நோய் வேறு. 1845 முதல் அயர்லாந்தின் வயல்களை அழுகச் செய்து, சுமார் பத்து இலட்சம் ஏழைகளைப் பசிக்கும் பசியின் நோய்களுக்கும் இரையாக்கியது இதே நோய்தான். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். மூடுபனி மூன்று நாள் விலகாது நின்றால் இங்கு உழவர் முகம் வாடுவதன் காரணம் அதுவே. மலிவான கிழங்கு என்று நாம் சொல்கிறோம். அது யாருக்கு மலிவு என்பது வேறு கேள்வி.

இனிச் சூப்புக்கு வருவோம்.

ஆறு பேருக்கு ஒரு கிலோ கிழங்கு போதும். தோலைச் சீவும்போது பச்சை படர்ந்த பகுதியையும் முளைவிட்ட கண்களையும் ஆழமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கில் நச்சுப் பொருள் சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் அது போகாது. அடி கனத்த பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் உருகியதும், பொடியாக அரிந்த இரண்டு வெங்காயத்தையும் ஆறு பல் பூண்டையும் இட்டு, சிவக்கவிடாமல் குழைய வதக்குகிறோம். லீக்ஸ் கிடைத்தால் வெங்காயத்தில் பாதியைக் குறைத்து அதன் வெண்தண்டைச் சேர்ப்பதுண்டு. பிறகு கிழங்குத் துண்டுகள், ஒரு லிட்டர் நீர், உப்பு. மூடி வைத்து வேகவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் சமவெளி உறவினருக்கு ஒரு சொல். கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே மதுரையில் கால் மணி நேரத்தில் வேகும் கிழங்கு இங்கே அடுப்பில் தன் விருப்பம்போல் கிடக்கும். குக்கரில் வைத்தால் விரைவில் வெந்துவிடும் என்பது உண்மையே. ஆயினும் குளிர் மாலையில் அடுப்பருகே அரை மணி நேரம் கூடுதலாக உட்காரக் கிடைப்பதை யாரும் இழப்பாக எண்ணுவதில்லை.

வெந்த கிழங்கை மிக்ஸியில் போடலாகாது. அதன் வேகத்தில் கிழங்கின் மாவுச்சத்து உடைந்து வெளியேறி, சூப்பு சுவரொட்டிப் பசைபோல் இழுபடும். பருப்பு கடையும் மர மத்தே தகுந்த கருவி. பாதியை நன்றாகவும் மீதியை அரைகுறையாகவும் மசித்தால், குழைவும் இருக்கும், பல்லுக்குக் கிழங்கும் அகப்படும். பல்லில்லாதவருக்கு இன்னும் சற்று மசிக்கலாம். பிறகு காய்ச்சிய பால் அரை லிட்டரும், இரண்டு நாள் சேர்த்து வைத்த பாலாடையும். கடையில் வாங்கும் கிரீம் தேவையில்லை. மத்தில் மசிந்த கிழங்கின் மாவே சூப்புக்கு வேண்டிய கொழுமையில் பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது.

கடைசியில் சீஸ், நூறு கிராம், துருவியது. பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகே சிறிது சிறிதாகத் தூவிக் கிளற வேண்டும். கொதிக்கும்போது இட்டால் அதன் புரதம் இறுகித் திரண்டு, எண்ணெய் தனியே மிதக்கும். கடையில் விற்கும் பதப்படுத்திய சீஸ் இந்தத் தொல்லையைத் தராது. உருகும்போது பிரியாதிருக்க அதில் உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சுவைக்கோ முதிர்ந்த சீஸே மேல். பனீர் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. புளிப்பிட்டுத் திரித்த பனீர் எவ்வளவு சூடேற்றினாலும் உருகாமல் துண்டாகவே நிற்கும். மிளகை இடித்துத் தூவி, மல்லித்தழை இட்டால் வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் இச்சூப்பு தவக்கால வெள்ளிக்கிழமைகளுக்கு உரியதாகிவிட்டது. டிசம்பர், ஜனவரியில் தோண்டிய கிழங்கு மூலையில் குவிந்திருக்கும் காலம் அது, இறைச்சியும் கூடாது. பொருத்தமான உணவு என்றே எண்ணினோம். ஆனால் சில ஆண்டுகளில் ஒரு விந்தை நேர்ந்தது. பிள்ளைகள் வெள்ளிக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். பள்ளிப் பையைக் கழற்றுமுன்பே "இன்றைக்குச் சூப்புதானே?" என்று கேட்பார்கள். எழுபத்தெட்டு வயதான எங்கள் அன்னையார் இதைக் கேட்டு ஒருநாள், "கறியை விட்டுவிட்டு அதைவிட ருசியானதைச் சாப்பிடுகிறதற்குப் பெயர்தான் சுத்தபோசனமா?" என்றார். அவர் வளர்ந்த வீட்டில் தவக்கால வெள்ளி என்றால் கஞ்சியும் துவையலும் மட்டுமே.

திருச்சபையின் சட்டத்தைப் பார்த்தால் எங்கள் பக்கம் பிழையில்லை. முற்காலத்தில் மேலைநாடுகளில் தவக்காலம் முழுதும் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை அனைத்தும் விலக்கப்பட்டிருந்தன. பிரான்சின் ரூவான் பேராலயத்தில் 1485 முதல் 1506 வரை எழுப்பப்பட்ட ஒரு கோபுரத்திற்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த காணிக்கையில் எழுந்தது என்பர். அக்கோபுரத்தின் உயரத்தைப் பார்த்தால் நார்மண்டி மக்கள் வெண்ணெயை எத்துணை விரும்பினர் என்பது விளங்கும்! காலப்போக்கில் கடுமை தளர்ந்தது. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இறைச்சியையும் இறைச்சி வேகவைத்த சாற்றையும் விலக்கிற்று. பாலையும் முட்டையையும் விலக்கவில்லை. 1966 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒறுத்தல் முறைகளைத் திருத்தி அமைத்தபோதும் பால்பொருள்களுக்குத் தடையில்லை. ஆகவே கோழிச்சாற்றுக் கட்டியைக் கரைக்காதவரை எங்கள் சூப்பு சட்டத்திற்கு உட்பட்டதே.

பாலாடைக்கட்டிக்கும் துறவறத்திற்கும் நெடுநாள் உறவும் உண்டு. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல், நலிந்த நோயாளிகள் தவிர ஏனைய துறவியருக்கு நாற்கால் விலங்குகளின் இறைச்சியை விலக்கியது. இறைச்சி இல்லாத மடங்களில் பாலைக் கெடாமல் காக்கும் கலை வளர்ந்ததில் வியப்பில்லை. இன்றும் பெங்களூருவில் வல்லொம்ப்ரோசா சபையைச் சேர்ந்த ஆசீர்வாதப்பர் துறவியர் இத்தாலிய முறையில் சீஸ் செய்து விற்கிறார்கள்.

இவ்வளவையும் அன்னையாரிடம் எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, சீஸ் என்ன விலை என்று கேட்டார். சொன்னோம். அந்தக் காசுக்கு எத்தனை கிலோ கிழங்கு வரும் என்று கேட்டார். கணக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சட்டத் தொகுப்பில் இல்லாத வினா அது. நோன்பினால் மிச்சமாகும் பொருள் ஏழையின் வயிற்றுக்குப் போகவேண்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை பெரிய சிங்கராயர் தம் தவக்கால மறையுரைகளில் வலியுறுத்தினார். எசாயா நூலின் 58 ஆம் அதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் திருப்பலியில் கேட்கிறோம். மிச்சமாக வேண்டிய நாளில் எங்கள் செலவு கூடியிருந்தது. தவக்கால உண்டியலோ அலமாரி மேல் இலேசாகவே இருந்தது.

அன்று முதல் வெள்ளிச் சூப்பில் சீஸ் நின்றது. அதன் விலை உண்டியலில் விழுந்தது. பிள்ளைகள் முதல் வாரம் முகம் சுளித்தார்கள். இரண்டாம் வாரம் பூண்டைக் கூட்டி, பாலாடையை மட்டும் இட்டோம், கிண்ணங்கள் காலியாயின. சீஸ் இட்ட சூப்பு உயிர்ப்புப் பெருவிழாவின் மாலைக்கு ஒதுக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால், அதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. ஆண்டு முழுதும் கிடைப்பதைக் காட்டிலும் காத்திருந்து கிடைப்பதற்கு நாவில் வேறு சுவை.

இத்துடன் செய்தி முடிந்திருக்கும், அன்னையார் நோயில் விழாதிருந்தால். சென்ற தவக்காலத்தின் முன் மழையில் நனைந்து காய்ச்சல் கண்டவர், எழுந்தபோது பாதியாகியிருந்தார். சோறு இறங்கவில்லை. பாலும் சீஸும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மென்று விழுங்க வேண்டாத உணவு எங்களிடம் ஒன்று இருக்கவே இருந்தது. வெள்ளியன்று அவருக்கென ஒரு கிண்ணம் தனியே எடுத்துச் சீஸ் உருக்கிக் கொடுத்தோம். பிள்ளைகளின் கிண்ணத்தைப் பார்த்தார், தம் கிண்ணத்தைப் பார்த்தார், தள்ளி வைத்துவிட்டார்.

நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தையிடம் முறையிட்டோம். "அம்மா, ஒருசந்தி ஐம்பத்தொன்பது வயதோடு முடிந்தது. நோயாளிக்குச் சுத்தபோசனமும் கட்டாயமில்லை. இதில் கறியும் இல்லையே. சாப்பிடுங்கள்" என்றார் அவர்.

"நீங்க சொன்னா சரிதான் சாமி. ஆனா நான்தானே பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு சொன்னது?"

தந்தை சிரித்தார், வேறு வழி அவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கிண்ணத்தில் சீஸ் ஆறி, மேலே ஏடு படிந்துகொண்டிருந்தது. நாளுக்கு நாள் அவர் மணிக்கட்டில் வளையல் தளர்வதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். முதியவர்களோடு வாழ்கின்றவர்கள் அறிவார்கள்: அவர்களுடைய ஒறுத்தலில் எது பக்தி, எது பிடிவாதம், எது நமக்குச் சுமையாகக் கூடாது என்ற அச்சம் என்று பிரித்தறிவது எளிதன்று. வற்புறுத்தினால் பக்தியை இகழ்ந்ததாகும்; விட்டுவிட்டால் ஆளையே இழக்க நேரும்.

வழியை அவரே கண்டார். அடுத்த வெள்ளி, சமையலறை வாசலில் பலகையைப் போட்டு அமர்ந்து, பெரிய பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். எல்லாருக்குமே சீஸ் போடச் சொன்னார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்குவாளியை எடுத்து வரச் சொன்னார். கீழ்வீட்டில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். பிறர் நிலத்தில் கேரட் பிடுங்கும் வேலை. விடியுமுன் போனால் மாலையில்தான் வருவார். "முதலில் அங்கே போகட்டும். வாளி நிறையப் போகட்டும். மிச்சம் இருக்கிறதை நாம் பங்கிடலாம்" என்றார் அன்னையார்.

அவ்வாறே செய்தோம். மிஞ்சியது ஆளுக்குச் சிறு கிண்ணம்தான். பெரிய பையன் தன் பாட்டியின் கிண்ணத்தில் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினான். அவர் கண்டும் காணாதவர்போல் இருந்தார். எனினும் கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. வாளி திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம், சூப்பு ஆறிவிடுமே என்று சொல்லும் துணிவு எவருக்கும் இல்லை.

கீழ்வீட்டுச் சிறுமி வாளியோடு படியேறி வந்தாள். கழுவிய வாளியை வெறுமையாகத் திருப்பித் தருவது இங்கே வழக்கமில்லை. உள்ளே மண் போகக் கழுவிய கேரட் நான்கு இருந்தன. அன்னையார் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்து, "நல்ல கேரட். அடுத்த வாரம் இதையும் கிழங்கோடு போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.