பர்லியாறு தாண்டினால் மேகம்! பழைய அம்பாசடரும் புது எல்.இ.டி பல்பும்

மேட்டுப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து பாக்குத் தோப்புகளைக் கடந்து, கல்லாறு பாலம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், அரை மணி நேரத்தில் காற்றின் வாசனையே மாறிவிடும். பர்லியாறில் பழக் கடைகள், ஒரு டீ, கொஞ்சம் குரங்குச் சேட்டை. அதற்கு மேல் எந்த வளைவில் என்று சொல்ல முடியாது, திடீரென்று சாலையே காணாமல் போகும்.

ஊட்டிப் பக்கம் இதை 'மிஸ்ட்' என்பார்கள். உண்மையில் அது மேகமேதான். சமவெளியின் ஈரக் காற்று மலைச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து, நுண்துளிகளாக மாறிச் சாலையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். குன்னூர் 1,700 மீட்டருக்கும் மேலே. 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு, இவ்வளவு உயரம் ஏற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கிழக்குச் சரிவில் மழையும் மேகமும் மாறி மாறிக் காவல் நிற்கும்.

குன்னூரைச் சேர்ந்த அந்தப் பெரியவருக்கு இந்தச் சாலை மனப்பாடம். டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் 1999 மாடல் டீசல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுபோனது. ஆனால், இவர் வண்டி மட்டும் நிற்கவில்லை. மாதம் ஒருமுறை மனைவியைக் கோவைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போவார். முடித்துத் திரும்பும்போது இருட்டிவிடும். பம்பருக்குக் கீழே இருந்த பழைய ஃபாக் லைட் இரண்டும் அகல் விளக்கு மாதிரி மங்கிக் கிடந்தன.

மதியம் பளிச்... மாலை பகீர்!

போன நவம்பரில், மேட்டுப்பாளையத்தில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையில் நிறுத்தினார். கடைப் பையன் ஒருவன்தான் இருந்தான்.

"எல்.இ.டி போட்டுக்குங்கண்ணா. வெள்ளையா, டியூப்லைட் கணக்கா அடிக்கும்" என்றான்.

பழைய ஹாலோஜன் பல்பைக் கழற்றி, அதே கூட்டில் எல்.இ.டி பல்பைச் செருகினான். ஒரு பக்கம் எரியவில்லை. இணைப்பைத் திருப்பிச் செருகியதும் எரிந்தது. ஹாலோஜனுக்கு பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, எல்.இ.டி-க்கு உண்டு. கடைக்குள் வெளிச்சம் பளீரென்று பாய்ந்தது. பெரியவருக்குத் திருப்தி.

பர்லியாறு தாண்டியதும் மேகம் சூழ்ந்தது. புது விளக்கைப் போட்டார். எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது! சாலை, தடுப்புச் சுவர், வளைவு எதுவுமே இல்லை. மேலிருந்து இறங்கிய லாரி ஒன்று விளக்கை மின்னி மின்னிக் காட்டி அப்படியே நின்றுவிட்டது. அதன் டிரைவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் வண்டியை இடது ஓரம் ஒதுக்கினார். அப்போதுதான் பக்கத்தில் இருந்த மனைவி அலறினார்.

"ஏங்க... நிறுத்துங்க! ஓரத்துல ஆளுங்க!"

தேயிலைத் தோட்ட வேலை முடித்துப் பெண்கள் நான்கைந்து பேர், தலையில் பிளாஸ்டிக் கொங்காணி போட்டுக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தார்கள். பம்பருக்கும் கடைசியாக வந்தவருக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. பிரேக் பிடித்தது. அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள். பெரியவருக்குத்தான் ஸ்டியரிங் மேலிருந்த கை நடுங்கியது. மீதித் தூரத்தை அந்த விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் வைத்துக்கொண்டு ஊர்ந்தே கடந்தார்.

சுவர் சொன்ன பாடம்

மறுநாள் காலையிலேயே கீழே இறங்கினார். இந்த முறை கடையின் உரிமையாளர் இருந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, வண்டியைச் சுவருக்கு எதிரே எட்டு மீட்டர் தள்ளி நிறுத்தச் சொன்னார். ஒரு பக்கம் பழைய பல்பு, மறுபக்கம் எல்.இ.டி. ஷட்டரை இறக்கி இருட்டாக்கினார்.

பழைய பல்பின் வெளிச்சம் மங்கலாக இருந்தாலும், மேல் விளிம்பு கோடு போட்டாற்போல் நறுக்கென்று முடிந்தது. எல்.இ.டி-யின் வெளிச்சமோ சிந்திய பால் மாதிரி சுவர் முழுக்க வழிந்தது.

"பாத்தீங்களாண்ணா? வெளிச்சம் பத்தாம இல்லீங்க. வேண்டாத இடத்துக்குப் போகுது. அதானுங்க வினை" என்றார்.

விஷயம் இதுதான். ஃபாக் லைட் தாழ்வாகப் பொருத்தப்படுவதே, மேகத்துக்கு அடியில் அகலமாக வெளிச்சம் விரிக்கத்தான். சாலையின் ஓரமும் கோடும் தெரிந்தால் போதும். கண் மட்டத்துக்கு ஏறும் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். எவ்வளவு அதிகம் அடிக்கிறதோ, அவ்வளவு வெள்ளைச் சுவர்! மேகத்தில் ஹைபீம் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஹாலோஜன் விளக்கின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான், மெல்லிய கம்பி இழை எந்தப் புள்ளியில் எரிகிறதோ அந்தப் புள்ளிக்காகவே வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி பல்பில் ஒளிரும் சில்லுகள் அந்த இடத்தைவிட்டு ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் கணக்கு கெட்டுவிடும். திருப்பிப் பொருத்தக்கூடிய வகை என்றால், சில்லுகள் இடமும் வலமும் பார்க்கும்படி வைத்துப் பார்க்கலாம். இந்த அம்பாசடரின் கூட்டில் அதற்கு வழியில்லை.

நிறம்? பையன் போட்டது 6000கே என்று அச்சிட்ட நீல வெள்ளை. மஞ்சள் ஒளி மேகத்தை ஊடுருவும் என்று பலரும் நம்புகிறார்கள். மேகத் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். ஆனால், நீலம் தூக்கலான வெளிச்சம் கண்ணை அதிகம் கூசச் செய்யும். அந்த வகையில் 3000கே அளவிலான மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு இதம்.

மாற்றுவதற்கு முன்...

எல்.இ.டி-யால் லாபமும் உண்டு. 55 வாட் ஹாலோஜன் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி இரண்டுக்கும் மூன்றரை ஆம்பியரே போதும். வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஓட, மெதுவாக மலை ஏறும் பழைய வண்டிக்கு இது பெரிய உதவி. பழைய ஒயர்களும் சூடாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹாலோஜன் தன் சூட்டால் கண்ணாடிக்குள் படியும் ஈரத்தை உலர்த்திவிடும். எல்.இ.டி-யின் சூடு பின்பக்கமாகப் போவதால் கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பின்பக்கம் சூடு வெளியேற இடமும் வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. எட்டு மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாதபடி முன்விளக்குகள் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். கடைக்காரர் சுவர் முன் எட்டு மீட்டர் அளந்தது சும்மா இல்லை!

கடைசியில், பல்பை மட்டும் மாற்றும் யோசனையைக் கைவிட்டார்கள். எல்.இ.டி-க்காகவே வடிவமைத்த முழு ஃபாக் லைட் ஒரு ஜோடி, மஞ்சள் வெளிச்சத்தில் வாங்கினார்கள். தனி ரிலே, ஃபியூஸ், புது ஒயர் போட்டார்கள். சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்வரை திருகித் திருகிச் சரிசெய்தார்கள். பல்பின் விலையைவிடச் செலவு அதிகம்தான். பெரியவர் பேரம் பேசவில்லை.

மறுபடியும் மேகம்

அடுத்த மாதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போதும் மேகம் காத்திருந்தது. புது விளக்கு வெள்ளைச் சுவர் எழுப்பவில்லை. ரொம்ப தூரமும் தெரியவில்லை. பத்துப் பதினைந்து மீட்டர், அவ்வளவுதான். ஆனால், அந்தத் தூரத்துக்குச் சாலை முழு அகலத்தில் தெரிந்தது. ஓரத்து வெள்ளைக் கோடு, ஈரமான தடுப்புக் கல், அப்புறம் வரிசையாக நடந்துபோகும் ரப்பர் செருப்புக் கால்கள். தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில், இரண்டாம் கியரில், பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி எதிர் ஹாரனுக்குக் காது கொடுத்தபடி ஏறினார்.

இறங்கி வந்த லாரி விளக்கை மின்னவில்லை. மலை ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று ஒதுங்கி நின்று வழிவிட்டது. பெரியவர் கை தூக்கினார். எதிரிலும் ஒரு கை தூக்கியது.

காட்டேரி தாண்டும்போது பார்த்தால், பக்கத்தில் இருந்த மனைவி தூங்கிவிட்டிருந்தார். இந்தச் சாலையில் மேகம் இருக்கும்போது அவர் தூங்கியதே இல்லை.

குன்னூர் நெருங்க மேகம் விலகி, ஊர் விளக்குகள் தெரிந்தன. பெரியவர் முதல் வேலையாக ஃபாக் லைட்டை அணைத்தார்.